செல்வநாதனின் இடது கால்

ராயபுரத்தில் கார் ஓட்டிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். கியர் மாற்றுகிற சத்தம் வெளியே தெரியாமல் ஓட்டினவன் என்று நான் பார்த்தது செல்வநாதன் ஒருத்தனைத்தான். அந்தக் காலத்து வண்டியில் அது லேசான காரியம் இல்லை. கிளச் என்பது இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற கதவு மாதிரி. இடது காலால் மிதித்தால் கதவு திறக்கும், இரண்டும் தனித்தனியாக நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கியரைத் தள்ளிவிட்டுக் காலை மெல்ல எடுக்க வேண்டும். கால் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் உள்ளே பல்லும் பல்லும் கடித்துக்கொள்ளும். தகரக் கூரையில் ஜல்லியைக் கொட்டின மாதிரி சத்தம் வரும்.

அவன் அப்பன் துறைமுகத்தில் படகு வலித்தவன். அண்ணன்மார் கட்டுமரத்தில் போகிறவர்கள். இவன் மட்டும் யுத்த காலத்தில் மிலிட்டரி லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு தரையில் தங்கிவிட்டான். யுத்தம் முடிந்ததும் ஹபீபுல்லா பாயிடம் டிரைவராகச் சேர்ந்தான். பாய்க்கு வண்ணாரப்பேட்டையில் கயிறு, சாக்கு வியாபாரம். திருவொற்றியூரில் ஒரு கிடங்கு. ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார் ஒன்றை வைத்திருந்தார். அந்தக் காருக்குக் கோளாறு வந்தால் கல்மண்டபம் பக்கத்தில் இருந்த என் ரிப்பேர் ஷெட்டுக்குத்தான் வரும். அப்படித்தான் செல்வநாதன் எனக்குப் பழக்கம்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் மழைக்காலம் முடிந்ததும் அந்தக் கார் சத்தம் போட ஆரம்பித்தது. தெருமுனையில் வரும்போதே என் ஷெட்டில் கேட்கும். செல்வநாதன் ஓட்டுகிற வண்டியா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஒரு நாள் பாயே கூட வந்தார். பருத்த உடம்பு, பெரிய குரல், நல்ல மனுஷன்.

"மேஸ்திரி, இந்த வண்டிக்கு இன்னா கேடு வந்துச்சின்னே தெரியல. கியர் போட்டா தெருவுல கீற நாயெல்லாம் எழுந்து ஓடுது. நேத்து பள்ளிவாசல் முன்னால நின்னு கெளம்பறேன், ஹஜ்ரத் திரும்பிப் பாத்துட்டு, 'வண்டிக்கு ஓதி ஊதணுமா பாய்'ன்னு கேக்கறாரு."

நான் சிரித்தேன். செல்வநாதன் சிரிக்கவில்லை. துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தான்.

கிளச்சைக் கழற்றிப் பார்த்தேன். தட்டு நன்றாக இருந்தது. ஸ்பிரிங் நன்றாக இருந்தது. கியர் பெட்டியைத் திறந்தேன், பல் முனைகள் மட்டும் புதிதாகச் சிதைந்திருந்தன. கிளச்சை முழுசாக மிதிக்காமல் கியரைத் தள்ளினால்தான் பல் அப்படி ஆகும். மூடிக் கொடுத்தேன். பத்து நாள் போகவில்லை, திரும்பவும் வந்து நின்றான். அன்றைக்குப் பாய் வரவில்லை.

"ஸ்பிரிங்கு போயிருக்கும், நல்லா பாரு மாமு" என்றான்.

"ஸ்பிரிங்குக்கு ஒண்ணும் இல்ல. நீ ஏறி உக்காரு. ஓட்டிக் காமி."

"நான் இன்னாத்துக்கு. நீ ஓட்டிப் பாரேன்."

"ஏறுடா."

ஏறினான். வலது காலை வைத்து உட்கார்ந்துகொண்டு, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான், மூட்டையை வைக்கிற மாதிரி. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கிட்டே போய் அவன் காக்கி பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கத் தையலைப் பிரித்து வேறு துணி வைத்து அகலமாக்கித் தைத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரே வீக்கம். கணுக்கால் என்று தனியாக ஒன்று இல்லை. தோல் பலாப்பழத் தோல் மாதிரி தடித்து இறுகிக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் வீதிக்கு வீதி இருந்த வியாதிதான். கூவத்துக் கொசு, சாக்கடைக் கொசு யாரையும் விட்டுவைக்கவில்லை.

"யார் தைச்சது?"

"இருதயம்தான்." இருதயம்மாள் அவன் பெண்சாதி.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மழையாவுது. அமாசைக்கு அமாசை காய்ச்ச வருது. தொடையிடுக்குல நெறி கட்டிக்கிது. காய்ச்ச எறங்கிப் போவுது, வீக்கம் மட்டும் போவ மாட்டேங்குது. ஆஸ்பத்திரில மாத்திர குட்த்தாங்க. இன்னும் பெர்சாவாம வேணா பாத்துக்கலாம், இருக்கறத கொறைக்க முடியாதுன்னுட்டாங்க."

"பாயாண்ட சொல்லிடு."

"சொன்னா?" அவன் ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "யானைக்கால்காரன எவன் வண்டில வெச்சிப்பான், சொல்லு. ஹார்பர்ல மூட்ட தூக்கணும்னா காலு வோணும். அண்ணங்கூட மரத்துல ஏறணும்னா காலு வோணும். குந்திகினு செய்யிற வேல எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் மாமு. இதுவும் காலு கேக்குது. ரெண்டு பொண்ணு கீது வூட்ல."

நானாகப் போய்ச் சொல்லமாட்டேன், கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன் என்றேன். அது போதும் என்று தலையை ஆட்டினான்.

அதற்கப்புறம் அவன் ஓட்டின விதமே வேறு. ஓடுகிற வண்டிக்குக் கிளச் இல்லாமலே கியர் மாற்றலாம். இஞ்சின் சத்தத்தைக் காதில் பிடித்து, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, சக்கரமும் இஞ்சினும் ஒரே வேகத்துக்கு வருகிற நேரத்தில் தள்ளினால் தானாக விழும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போகும்போது அப்படித்தான் போனான். தவறினால்தான் அந்தச் சத்தம். ஆனால் நிற்கிற வண்டியைக் கிளப்பக் கிளச் இல்லாமல் முடியாது. அப்போது இடது கையால் தன் முட்டியைப் பிடித்து அமுக்குவான். கால் கீழே போகும். வலது கையைக் குறுக்கே நீட்டிக் கியரைப் போடுவான். அகலமாகிப்போன பாதம் பக்கத்தில் இருக்கிற பிரேக்கையும் சேர்த்து மிதித்துவிடும். வண்டி முக்கும், முனகும், செத்துப்போகும். வலது காலை இந்தப் பக்கம் கொண்டுவந்து பார்த்தான். அப்போது ஆக்ஸிலேட்டருக்குக் கால் இல்லை. காலடிப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் அவனுக்கு வேர்த்துக் கொட்டும். கேட் திறந்ததும் பின்னால் இருக்கிற மாட்டுவண்டிக்காரன் எல்லாம் அம்மா அக்கா என்று வைவான்.

பாய்க்குக் கோபம் வண்டி மேல்தான். வண்டியை மாற்றிவிட வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். செல்வநாதனுக்கு அது இன்னும் பயம். வேறு வண்டி வந்து அதுவும் சத்தம் போட்டால், அப்புறம் பழி போட வண்டி இல்லை.

அந்த நேரத்தில்தான் பாயின் மூத்த மகள் ஜெரினாவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு தண்டையார்பேட்டை. பெண் வீட்டார் கார் அனுப்பி மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வர வேண்டும். பேண்டு வாத்தியம் முன்னால் போகும். அதற்குப் பின்னால் கம்பு சுற்றுகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் கார், மனுஷன் நடக்கிற வேகத்தில் வர வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. காரில் ஏறின மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலில்தான் கால் வைக்கலாம். நடுவில் இறங்கினால் அபசகுனம் என்று இரண்டு வீட்டிலும் முகம் சுண்டிவிடும்.

"ஊர்வலத்துக்கு வேற கார் பேசலாம் பாய், இது சத்தம் போடுது" என்று செல்வநாதன் மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஊரான் காரா? அவ பள்ளிக்கூடம் போனதே உன் வண்டிலதான். நீதான் ஓட்டணும்" என்றுவிட்டார் பாய்.

அவன் என் ஷெட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். ஓடுகிற ரோட்டில் எதையும் சமாளிக்கலாம். ஊர்வலம் என்றால் நாலு அடி போக வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப நாலு அடி. முழுக்க முழுக்கக் கிளச்சுதான் ஓட்ட வேண்டும். அவன் முகம் செத்தவன் முகம் மாதிரி இருந்தது.

"ஒடம்பு சரியில்லன்னு வூட்லயே படுத்துக்கயேன்" என்றேன்.

"பாய் பாக்க வருவாரு. வந்தா காலப் பாப்பாரு."

கொஞ்ச நேரம் கழித்து அவனே ஒரு வழி சொன்னான். ஊர்வலத்தில் முதல் கியரைப் போட்டுவிட்டால் அதை மாற்றவே வேண்டாம். அப்போது இடது கை சும்மாதான் இருக்கும். அந்தக் கையால் ஒரு கோலை வைத்துக் கிளச்சை அமுக்கினால் என்ன?

அண்ணன் கட்டுமரத்திலிருந்து உடைந்த துடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தான். அளவாக அறுத்தேன். நுனியில் பிளவு எடுத்து, வழுக்காமல் இருக்கப் பழைய டயர் ரப்பரை வைத்து ஆணி அடித்தேன். பெடல் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

பழகிப் பார்க்க எண்ணூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு ஓரம் போனோம். பாய் கிடங்கில் இருந்த நேரம் அது. இருதயம்மாளும் வந்தாள். முக்காடு போட்டுக்கொண்டு காருக்கு முன்னால் அவளே நடந்தாள், பேண்டுக்காரன் மாதிரி.

"இத்தினி வருஷமா நான் உம் பின்னால வந்தேன். இன்னிக்கி நீ எம் பின்னால வா. இடிச்ச, பொங்கிப் போட ஆளு இருக்காது" என்றாள்.

அவன் கோலை அமுக்கினான், தளர்த்தினான். கார் ஊர்ந்தது. அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. ஒரு தரம்கூடக் குதிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சவுக்குத் தோப்பு முடிகிற வரைக்கும் அப்படியே போய்விட்டுத் திரும்பினோம். செல்வநாதன் சட்டைக்குள் இருந்த ஜெபமாலையை எடுத்து முத்தம் கொடுத்தான். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனால் முஸ்லிம் வீடுகளில் நல்ல காரியத்தை வளர்பிறையில் வைப்பார்கள். பிறை கண்ட நாலாம் நாள் கல்யாணம். அமாவாசையோடு வந்த காய்ச்சல் அவனை அந்த முறை விடவே இல்லை. கல்யாணத்தன்று மத்தியானம் நான் போனபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருதயம்மாள் அவன் காலில் பேண்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். முந்தின மாதம் அகலமாக்கின தையல் திரும்பவும் இறுக்கமாகிவிட்டது.

"வாணாம்னு சொல்லுண்ணே" என்றாள் என்னிடம்.

"வாணாம்னா நாளைக்கி இன்னா பண்றது, நீ சொல்லு" என்றான் அவன். அவள் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலத்து அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. நான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்தேன். பின் சீட்டில் மாப்பிள்ளை, முகத்தில் மல்லிகைச் சரம் தொங்க. முன் சீட்டில் பாயின் மச்சான் அத்தாவுல்லா, வாய் நிறைய வெற்றிலை.

"இது இன்னா செல்வம், கார்ல துடுப்பு? கடலுக்கா போறோம்?"

"கிளச்சு கொஞ்சம் டைட்டா கீது சாப். கோல வெச்சி அமுக்கினா நல்லாருக்கும்."

"எங்க மச்சான் வண்டியாச்சே, எல்லாம் இருக்கும்" என்று அவர் ஜன்னல் வழியாகத் துப்பினார்.

தண்டையார்பேட்டையைத் தாண்டுகிற வரைக்கும் நன்றாகத்தான் போனது. அப்புறம் கூட்டம் சேர்ந்தது. நாலடிக்கு ஒரு தரம் நிறுத்தி ஷர்பத் கொடுத்தார்கள். பேண்டுக்காரர்கள் ஒவ்வொரு முனையிலும் நின்று ஒரு பாட்டு முழுசாக வாசித்தார்கள். நான் ஜன்னல் வழியாகக் கோலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். செல்வநாதனுக்கு அதை முழுசாக அமுக்கவும் தெம்பில்லை, முழுசாக விடவும் முடியவில்லை. கிளச் பாதியிலேயே தேய்ந்துகொண்டு வந்தது. கருகல் வாசனை எனக்கு முதலில் வந்தது. அப்புறம் அத்தாவுல்லாவுக்கும் வந்தது.

"யார்ரா அது, தலமுடிய கொளுத்தினது?" என்று வெளியே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றேன் செல்வநாதனிடம். அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

வண்ணாரப்பேட்டை நாற்சந்தியில் கம்புக்காரர்களின் வாத்தியார் ஷாகுல் ஹமீது முன்னால் வந்தார். வயசானவர், வெள்ளைத் தாடி. மாப்பிள்ளைக்குச் சலாம் வைக்கிற வரிசை அது. கம்பைச் சுற்றிச் சுற்றிக் கார் மூக்குவரைக்கும் வந்து, கம்பைக் கிடையாகப் பிடித்துக் குனிய வேண்டும். அதுவரைக்கும் வண்டி உறுமிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். அவர் சுற்ற ஆரம்பித்தார். கூட்டம் விசிலடித்தது. அவர் நிறுத்துகிற வழியாக இல்லை.

செல்வநாதன் கையில் இருந்த வேர்வைக்குக் கோல் வழுக்கியது. பெடலிலிருந்து ஒதுங்கிக் காலடியில் விழுந்தது. கார் குதித்தது. அவர் குனிந்த நேரம் அது. வண்டியின் மூக்கு அவர் முட்டியில் பட்டு அவர் மல்லாந்து விழுந்தார். செல்வநாதனின் வலது கால் அந்த நொடியே பிரேக்கை மிதித்துவிட்டது. இஞ்சின் உதறி நின்றது. பேண்டும் நின்றது.

"குடிச்சிட்டு கீறான்டா" என்று ஒருத்தன் கத்தினான். கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மேல் உடம்பு வெளியே வந்தது, இடது கால் பெடலில் மாட்டிக்கொண்டு வரவில்லை. இழுத்த இழுப்பில் பேண்ட் தையல் மேலிருந்து கீழே வரைக்கும் பிரிந்தது. கால் எல்லாருக்கும் தெரிந்தது.

சட்டையைப் பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டான். மாப்பிள்ளை மல்லிகைச் சரத்தை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஷாகுல் ஹமீதை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். முட்டியில் சிராய்ப்புதான். மண்ணைத் தட்டிக்கொண்டே, "அட வுடுங்கப்பா. இந்த முட்டி காரு வர்றதுக்கு முன்னாலயே பஞ்சருதான்" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை.

பெண் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, ஹபீபுல்லா பாய் புதுத் தொப்பியோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். காலைப் பார்த்தார். கோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ வண்டிக்கு ஒண்ணுமில்லியா மேஸ்திரி?"

"இல்ல பாய்."

நான் ஏறி ஓட்டுகிறேன் என்றேன். செல்வநாதனை அந்தப் பக்கம் நகரச் சொல்லிவிட்டு இஞ்சினைக் கிளப்பி, கிளச்சை விட்டுப் பார்த்தேன். வண்டி நகரவில்லை. தட்டு கருகிப்போய்விட்டது. இனி அந்த வண்டி யார் ஓட்டினாலும் ஓடாது. மாப்பிள்ளை இறங்கவும் கூடாது.

பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "மேஸ்திரி, நீ எறங்கு. செல்வம், ஸ்டேரிங்க புடி. இவ்ளோ தூரம் கொண்டாந்தது நீ, வாசல் வரைக்கும் நீயே கொண்டா. தள்ளுங்கடா எல்லாரும்."

கம்புக்காரர்கள், ஷர்பத் கொடுத்தவர்கள், சட்டையைப் பிடித்து இழுத்தவன், நான், எல்லாரும் தள்ளினோம். பேண்டு திரும்பவும் வாசித்தது. செல்வநாதன் கிழிந்த பேண்ட்டோடு நேராக உட்கார்ந்து ஸ்டேரிங்கைப் பிடித்திருந்தான். அத்தாவுல்லா தன் தோள் சால்வையை எடுத்து அவன் கால்மேல் போட்டார். வாசலில் விரித்த ஜமக்காளத்துக்கு நேராகக் கதவு வருகிற மாதிரி நிறுத்தினான். மாப்பிள்ளை இறங்கி உள்ளே போனார்.

எல்லாரும் போனபிறகு பாய் வந்து கையை நீட்டினார். செல்வநாதன் சாவியைக் கொடுத்தான். பாய்க்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன். சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கால் ஆறட்டும் செல்வம். ஆறினதும் வா."

"ஆறிடும் பாய்" என்றான் இவன்.

இரண்டு வாரம் கழித்து இருதயம்மாள் என் ஷெட்டுக்கு வந்தாள். மீன் கூடை தலையில் இருந்தது. அவள் மீன் விற்றதை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை.

"அண்ணே, வந்து ஒரு தபா அதப் பாரு. பாய் ஆறினா வான்னு சொன்னாருன்னு அதே புடியா கீது. வேற எதுவும் காதுல ஏறல. ஹார்பர்ல கேட் காவலுக்கு எங்கண்ணன் சொல்லி வெச்சாரு. மாட்டேங்குது. பாய் கூப்பிடும்போது நான் அங்க இருந்தா இன்னா ஆவறதுங்குது."

போனேன். வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. செல்வநாதன் தரையில் மல்லாந்து படுத்திருந்தான். இடது காலில் துணி சுற்றி, துணியில் கயிறு கட்டி, கயிற்றை மேலே உத்தரத்தில் மாட்டியிருந்தான். கால் அந்தரத்தில் தொங்கியது. நீர் கீழே இறங்க அப்படித் தொங்கவிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊர்வலத்து அன்றிலிருந்து, தின்கிற நேரம் தவிர, அப்படியே கிடக்கிறானாம்.

"வா மாமு. கொறஞ்சிகீது பாரு" என்றான்.

பார்த்தேன். குறையவில்லை.

"தட்டு மாத்திட்டியா?"

"மாத்திட்டேன். பாய் எடுத்துகினு போய்ட்டாரு."

"யார் ஓட்றா?"

"மணலிப் பக்கத்து ஆளு ஒருத்தன். மஜீதுன்னு பேரு. மாசச் சம்பளத்துக்குச் சேந்துட்டான்."

அவன் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். இருதயம்மாள் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். பாய் இனிக் கூப்பிடமாட்டார் என்பதை நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாள்.

"எவ்ளோ நாளுதான் பாய் நடந்து போவாரு பாவம்" என்றான் செல்வநாதன். "நான் வர்ற வரைக்கும் ஒரு ஆளு வோணும் இல்ல. அந்த மஜீதாண்ட சொல்லு, கேட்டாண்ட நிக்கும்போது கிளச்சு மேலயே கால வெச்சிகினு இருக்க வாணாம். தட்டு தேஞ்சிடும்."

"சொல்றேன்" என்றேன்.

உத்தரத்தில் கயிறு நழுவி, கால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எழுந்துபோய் முடிச்சை அவிழ்த்து, காலை நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறுக்கிக் கட்டினேன்.